புது வீட்டில் சமையல்கட்டு: அளவு நம்முடையதாக இருக்கட்டும்



நம் குழுக்களில் வீடு கட்டும் உறுப்பினர்கள் இப்போது அதிகம். ஓலைக் கூரையையோ ஓட்டுக் கூரையையோ பிரித்துவிட்டு, அரசுத் திட்டத்தில் கொஞ்சம், குழுக் கடனில் கொஞ்சம், நகையை வைத்துக் கொஞ்சம் என்று பணம் புரட்டிக் காங்கிரீட் வீடு எழுப்புகிறார்கள். கூட்டம் முடிந்த பிறகும் பேச்சு செங்கல் விலை, கம்பி விலை, கொத்தனார் கூலி என்றே ஓடும். "சமையல்கட்டு எப்படி வைக்கப் போறீங்க அக்கா?" என்று கேட்டால் மட்டும், "அதெல்லாம் மேஸ்திரி பாத்துக்குவார்" என்று பதில் வரும்.

மேஸ்திரி பார்த்துக்கொள்வார், சரி. ஆனால் அங்கே நின்று சமைக்கப் போவது மேஸ்திரி இல்லையே? மத்திய அரசு 2019ஆம் ஆண்டு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காகச் சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுவதாகத் தெரிய வந்தது. அந்த வேலையைச் செய்யும் ஆண்களுக்கு அது 97 நிமிடம். 299 நிமிடம் என்றால் ஏறக்குறைய 5 மணி நேரம். அதில் பெரும்பகுதி சமையல்கட்டில்தான் போகிறது. மேடை 4 அங்குலம் உயர்ந்துபோனால் அந்தத் தோள்வலியை 20 வருஷம் தூக்கிச் சுமக்க வேண்டும். கட்டும்போது 4 அங்குலம் குறைக்கச் செலவு கிடையாது. கட்டி முடித்த பிறகு குறைப்பதென்றால் கல்லை உடைக்க வேண்டும்.

இந்த மாதப் பாடத்தின் நோக்கம் மூன்று:

• சமையல்கட்டை அஸ்திவாரம் போடும் முன்பே திட்டமிடுவது.
• மேடை, அடுப்பு, தொட்டி, அலமாரி ஆகியவற்றின் அளவை நம் உடம்பை வைத்து முடிவு செய்வது.
• அந்த அளவை வீட்டிலும் மேஸ்திரியிடமும் தெளிவாகச் சொல்வது.

1. எவ்வளவு இடம் கிடைக்கும்?

2016ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் வீட்டின் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 269 சதுர அடி. சுகாதாரமாகச் சமைக்கத் தனி இடம் இருக்க வேண்டும் என்பதும் அதற்குள்ளேயே அடங்கியது. தமிழ்நாட்டில் 2024ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டின் அளவு 360 சதுர அடி. இதற்குள் கூடம், படுக்கும் இடம், சமையல்கட்டு எல்லாம் வர வேண்டும். ஆகவே நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் 50 முதல் 60 சதுர அடிதான். 7 அடி அகலம், 8 அடி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இவ்வளவு சின்ன இடத்துல என்னத்தைத் திட்டம் போடுறது?" என்று நினைக்க வேண்டாம். இடம் சின்னதாக இருந்தால்தான் திட்டம் அவசியம். பெரிய சமையல்கட்டில் ஒரு டிரம்மை எங்கே வைத்தாலும் ஒதுங்கிப் போகலாம். 7 அடி அகலத்தில் ஒரு டிரம் இடம் மாறி உட்கார்ந்தால் நாள் முழுக்க அதைச் சுற்றியே நடப்போம்.

சின்னச் சமையலறையை எப்படி அமைப்பது என்று 100 வருஷத்துக்கு முன்பே யோசித்த ஒரு பெண் உண்டு. ஆஸ்திரிய நாட்டைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி. 1926ல் ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகரில் தொழிலாளர் குடும்பங்களுக்குக் கட்டிய வீடுகளுக்காக அவர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 6 அடிக்குச் சற்றுக் கூட, நீளம் 11 அடி, அவ்வளவுதான். சமைக்கும் பெண் எத்தனை எட்டு நடக்கிறாள், ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்குப் பார்த்து, எது எதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். சாமான்களுக்குப் பெயர் எழுதிய அலுமினியப் பெட்டிகள்கூட வரிசையாக வைத்தார். அந்தச் சமையலறை சுமார் 10,000 வீடுகளில் அமைக்கப்பட்டது. நம் அஞ்சறைப் பெட்டியும் அதே யோசனைதானே? கைக்கு எட்டும் இடத்தில், அததற்கு ஒரு குழி.

2. கோலப்பொடியில் ஒரு சமையல்கட்டு

காகிதத்தில் வரைந்த படம் நம்மில் பலருக்குப் பிடிபடாது. அதனால் வாசலில் வரைந்து பாருங்கள். செலவு ஒரு கைப்பிடி கோலப்பொடி.

முதலில் டேப் வைத்து 7 அடிக்கு 8 அடி கட்டம் போடுங்கள். வாசற்படி எங்கே, ஜன்னல் எங்கே என்று குறியுங்கள். அக்னி மூலை பார்ப்பவர்கள், கிழக்குப் பார்த்து அடுப்பு வேண்டும் என்பவர்கள் அதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அதை வைத்துக்கொண்டே மற்றதைத் திட்டமிடலாம்.

பிறகு 8 அடிச் சுவர் நெடுக 2 அடி அகலத்துக்கு மேடைக் கோடு போடுங்கள். எதிர்ச் சுவரில் 1 அடி அகலத்துக்கு அலமாரிக் கோடு. நடுவில் 4 அடி மிஞ்சும். ஒருவர் சமைக்கும்போது இன்னொருவர் பின்னால் போய்வர அது போதும்.

இப்போது உங்கள் வீட்டு அடுப்பு, அரிசி டிரம், 2 குடம், கிரைண்டர், சிலிண்டர் எல்லாவற்றையும் தூக்கி வந்து அந்தக் கோட்டுக்குள் வையுங்கள். வைத்துவிட்டு, காலை டிபனும் மதியச் சாப்பாடும் செய்வது போல நடந்து பாருங்கள். அரிசி எடு, களை, உலை வை, காய் நறுக்கு, தாளி, பாத்திரம் கழுவு. எங்கே இடிக்கிறது? எதற்காக மூன்று தடவை வாசற்படிப் பக்கம் ஓடுகிறீர்கள்? ஒவ்வொரு சாமானாக இடம் மாற்றி மறுபடி நடங்கள். மாமியாரையும் மகளையும் சேர்த்து நிறுத்துங்கள். வீட்டுக்காரரையும் ஒரு சுற்று நடக்கச் சொல்லுங்கள்.

அரை மணி நேரம் இப்படிச் செய்தாலே எது எங்கே வர வேண்டும் என்று நமக்கே தெரிந்துவிடும். கடைசியாக அந்த அளவுகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் பிளான்.

3. மேடை உயரம்: முழங்கை சொல்லும் கணக்கு

எங்கள் பகுதியில் ஒரு உறுப்பினர் 4 அடி 10 அங்குல உயரம். புது வீட்டில் மேடை 3 அடி, அதாவது 36 அங்குலம். அதன் மேல் அடுப்பு 4 அங்குலம், அதன் மேல் குக்கர். உள்ளே என்ன வேகிறது என்று பார்க்கக்கூட அவரால் முடியவில்லை. மணைக்கட்டை போட்டு அதன் மேல் நின்றுதான் சமைக்கிறார். கஞ்சி வடிக்கும்போது ஒருநாள் கட்டை நழுவி, இடது கையில் கொதிகஞ்சி பட்டுவிட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. வீடு அவர் பெயரில். கடனும் அவர் பெயரில். மேடை உயரத்தை மட்டும் அவரிடம் யாரும் கேட்கவில்லை.

உங்கள் மேடை உயரத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். செருப்பில்லாமல் நேராக நில்லுங்கள். முழங்கையை மடக்கிக் கையை முன்னால் நீட்டுங்கள். தரையிலிருந்து முழங்கை வரை இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். அதில் 4 முதல் 6 அங்குலம் கழித்தால், காய் நறுக்க, மாவு பிசைய ஏற்ற உயரம் கிடைக்கும். 5 அடி உயரமுள்ள பெண்ணுக்கு முழங்கை சுமார் 37 அங்குலத்தில் இருக்கும். நறுக்க 31 முதல் 33 அங்குலம் சரியாக இருக்கும். ஆனால் அடுப்பு மேடைமேல் உட்காரும்போது 4 அங்குலத்துக்கு மேல் கூடிவிடுகிறது. அதனால் ஒரே மட்டமாக மேடை போடுவதானால் 30 அல்லது 31 அங்குலம் வைத்துக்கொள்வது நல்லது. 5 அடி 4 அங்குலம் உள்ளவர்களுக்கு 2 அங்குலம் கூட்டிக்கொள்ளலாம்.

வீட்டில் இரண்டு பேர் சமைக்கிறீர்கள், ஒருவர் குள்ளம், ஒருவர் உயரம் என்றால்? அதிகம் சமைப்பவரின் அளவுக்குப் பக்கமாக வையுங்கள். குள்ளமானவர் எட்டிப் பிடிப்பதில் சூடு படும் ஆபத்து இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். மேடை கட்டும்போது தரையில் டைல்ஸ் இருக்காது. சிமெண்டு கலவையும் டைல்ஸும் வந்த பிறகு தரை 2 அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்துவிடும். "30 அங்குலம்" என்று மட்டும் சொன்னால் மேஸ்திரி இப்போதுள்ள தரையிலிருந்து அளப்பார். கடைசியில் 28 ஆகிவிடும். அதனால் "தரை வேலை முடிஞ்ச பிறகு 30 இருக்கணும்" என்று சொல்லுங்கள்.

மேடையின் அகலம் 2 அடி போதும். அதற்கு மேல் போனால் சுவர் ஓரம் கை எட்டாது. எண்ணெய்ப் பிசுக்கு அங்கேதான் சேரும். மேடைக்குக் கீழே கால் விரல் உள்ளே போக 3, 4 அங்குல இடைவெளி இருக்க வேண்டும். முழுக்க அடைத்துச் சுவர் எழுப்பினால், விலகி நின்று குனிந்தே வேலை பார்க்க வேண்டி வரும். இடுப்பு வலிக்கு அதுவும் ஒரு காரணம்.

உட்கார்ந்து அரிவாள்மனையில் நறுக்கிப் பழகிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால், தரையில் 3 அடிக்கு 3 அடி இடத்தைச் சாமான் எதுவும் வைக்காமல் விட்டுவிடுங்கள்.

4. எது எதற்குப் பக்கத்தில்?

சமையல் ஒரு வரிசையில் நடக்கிறது: எடுப்பது, கழுவுவது, நறுக்குவது, வேகவைப்பது. மேடையும் அதே வரிசையில் இருந்தால் நடை குறையும். 8 அடி மேடையை இப்படிப் பிரிக்கலாம்:

• தொட்டிக்கு 2 அடி.
• நறுக்க, அரைக்க 2½ அடி.
• அடுப்புக்கு 2½ அடி.
• அடுப்புக்கு அந்தப் பக்கம் 1 அடி. இறக்கிய பாத்திரம் வைக்க இது அவசியம். அடுப்பைச் சுவர் மூலையில் ஒட்டி வைத்தால் பாத்திரக் கைப்பிடி இடித்துச் சாயும்.

அடுப்பும் தொட்டியும் ஒட்டியபடி இருக்கக் கூடாது. தண்ணீர் தெறித்தால் சூடான எண்ணெய் சீறும். தொட்டியை வெளிச்சுவர் பக்கமாக வையுங்கள். கழிவுநீர்க் குழாய் வீட்டுக்குள் ஓடாமல் நேரே வெளியே போகும்.

அடுப்புக்கு நேர் மேலே அலமாரியோ பரணோ வேண்டாம். அங்கே உள்ள சாமானை எடுக்க எரியும் அடுப்பின் மேல் கையை நீட்ட வேண்டி வரும். சேலைத் தலைப்பு தீயில் படுவது பெரும்பாலும் இப்படித்தான். ஜன்னலுக்கு நேர் கீழும் அடுப்பு வேண்டாம். காற்றில் தீ அணைந்தால் கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். வாசற்படியை ஒட்டியும் வேண்டாம். பிள்ளைகள் ஓடிவரும் வழி அது.

5. சிலிண்டரும் காற்றும்

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது; தரையோடு படர்ந்து தேங்கி நிற்கும். ஆகவே மேலே மட்டும் வெண்டிலேட்டர் வைத்தால் போதாது. சுவரின் அடியில், தரையை ஒட்டி, வெளிப்பக்கம் திறக்கும் ஒரு துவாரமும் விடச் சொல்லுங்கள். எலி வராமல் கம்பிவலை அடித்துக்கொள்ளலாம். சுவர் எழுப்பும்போது ஒரு செங்கல் இடம் விட்டால் முடிந்தது.

வீட்டுக்கு வருவது 14.2 கிலோ சிலிண்டர். உயரம் சுமார் 2 அடி. அதை நிமிர்த்தியே வைக்க வேண்டும். அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். மேடைக்குக் கீழே அதற்கு 1½ அடி அகலத்தில் ஒரு கட்டம் விட்டு, கதவு போடாமல் திறந்தே வையுங்கள். ரெகுலேட்டரைத் திருகக் கை நுழைய வேண்டும். உங்கள் சிலிண்டரையே உருட்டி வந்து அளந்து பாருங்கள். சிலிண்டரும் அடுப்பும் ரொம்பத் தூரமாக இருந்தால் டியூப் நீளம் தேவைப்படும். சுரக்ஷா டியூப் 1½ மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதை அலமாரிக்குள்ளோ சுவருக்குள்ளோ மறைத்துக் கொண்டுபோகக் கூடாது.

கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணுக்குப் பேசுங்கள். இந்த எண்ணைச் சமையல்கட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

சிலிண்டர் இருந்தாலும் வெந்நீருக்கு, நெல் அவிக்க, விசேஷத்துக்கு விறகடுப்பு வைத்திருக்கும் வீடுகள் நிறைய. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் புது வீட்டுக்குள் அதைக் கொண்டுவர வேண்டாம். வீட்டுக்குள் சேரும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. கொல்லைப்புறம் ஒரு தகரச் சாய்ப்பு இறக்கி, புகைபோக்கியோடு விறகடுப்பை அங்கே வையுங்கள். புகை ஜன்னல் வழியாகத் திரும்ப வீட்டுக்குள் வராத பக்கமாகப் பார்த்து வையுங்கள்.

6. சாமான் வைக்கும் இடம்

"எவ்வளவு அலமாரி வச்சாலும் பத்தல" என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் குறை. அலமாரி எத்தனை என்பதைவிட, எந்தச் சாமான் எந்த உயரத்தில் என்பதுதான் கணக்கு. மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தினமும் எடுப்பது: உப்பு, புளி, மிளகாய், பருப்பு, எண்ணெய், அஞ்சறைப் பெட்டி, தட்டு, டம்ளர். இவை இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். குனியவும் கூடாது, எக்கவும் கூடாது.

கனமானது: ரேஷன் அரிசி மூட்டை, அரிசி டிரம், கிரைண்டர், இட்லிக் கொப்பரை. இவை மேடைக்குக் கீழே. டிரம்மைத் தரையில் நேராக வைக்காமல், 4 அங்குல உயரத்தில் ஒரு கல் திட்டுப் போட்டு, சுவரை ஒட்டாமல் வையுங்கள். ஈரம் ஏறாது, கூட்டிப் பெருக்கலாம், எலி பதுங்காது.

எப்போதாவது எடுப்பது: விசேஷத்துக்கான அண்டா, குண்டா, முறுக்குப் பிடி. இவை பரணில். பரணில் கனமான பித்தளை அண்டாவை விளிம்பில் வைக்காதீர்கள். பரண் முகப்பில் 3 அங்குலத் தடுப்பு கட்டச் சொன்னால் எதுவும் உருண்டு விழாது.

அலமாரிக்குக் கடப்பா கல் பலகை நமக்கு ஏற்றது. கரையான் அரிக்காது, தண்ணீர் பட்டால் உப்பாது, ஈரத் துணியால் துடைத்தால் போதும். சுவர் எழும்பும்போதே பலகையைச் செருகிக் கட்டிவிட்டால் உறுதி. பிறகு சுவரைக் கொத்திச் செருகினால் கூலியும் கூடும், சுவரும் விரியும். எந்த இடத்தில் எத்தனை பலகை என்பதை அதனால்தான் முன்பே சொல்ல வேண்டும்.

அலமாரியின் ஆழம் 1 அடிக்கு மேல் தேவையில்லை. 2 அடி ஆழம் வைத்தால் பின்வரிசை டப்பா கண்ணில் படாது. இருக்கிற பருப்பையே மறுபடி வாங்கி வருவோம். பழையது வண்டு விழும். தட்டுகளுக்கு நடுவே உயரத்தையும் எல்லாம் ஒரே அளவாக வைக்க வேண்டாம். உங்கள் வீட்டு டப்பாக்களை அளந்து பாருங்கள்: மசாலா டப்பாவுக்கு 7, 8 அங்குலம், பெரிய எவர்சில்வர் டப்பாவுக்கு 12, 13 அங்குலம். மேல் பலகை எந்த உயரம்? குதிகாலைத் தூக்காமல் கையை மேலே நீட்டுங்கள். விரல் நுனி தொடும் இடத்திலிருந்து அரை அடி இறக்கிக் குறியுங்கள். அதற்கு மேல் வைப்பது கண்ணுக்குத்தான் அலமாரி, கைக்கு இல்லை.

டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டுங்கள். "பருப்பு எங்க இருக்கு?" என்று கேட்டபடியே மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள வழி இருக்காது. நமக்குக் காய்ச்சல் வந்த நாளில் வீட்டுக்காரரோ மகனோ ஒரு ரசம் வைக்கலாம்.

7. தண்ணீர், கரண்ட், வெளிச்சம்

15 லிட்டர் குடம் என்றால் 15 கிலோ. குடத்தின் எடை தனி. அதைத் தரையில் வைத்துத் தினம் குனிந்து தூக்குவதைவிட, வாசற்படிக்கு உள்ளேயே 1½ அடி உயரத்தில் ஒரு குடத்திட்டுக் கட்டுங்கள். 2 குடத்துக்கு 2½ அடி நீளம் போதும். தண்ணீர் சுமந்து சமையல்கட்டைக் கடந்து போக வேண்டாம். சிந்திய தண்ணீரில் வழுக்கவும் வேண்டாம்.

மேடைக் கல்லுக்குத் தொட்டிப் பக்கமாகக் கொஞ்சம் வாட்டம் விடச் சொல்லுங்கள். தரைக்கும் ஒரு மூலையில் வாட்டமும் தண்ணீர் போக வழியும் வேண்டும். கழிவுநீரைத் தெருவில் விடாமல் உறிஞ்சு குழிக்கோ, நாலு வாழைக்கோ திருப்புங்கள்.

2011 முதல் அரசு கொடுத்த மிக்ஸி, கிரைண்டர் நம் வீடுகள் பலவற்றில் தரையில்தான் ஓடின. காரணம், பிளக் பாயின்ட் கூடத்தில் இருந்தது! புது வீட்டில் மேடைக்கு மேல் 1 அடி உயரத்தில், நறுக்கும் இடத்துக்கு நேராக 2 பாயின்ட் வேண்டும். பின்னால் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்க நினைத்தால் 16 ஆம்பியர் பாயின்ட் ஒன்றும், அதற்குத் தகுந்த ஒயரும் இப்போதே இழுத்துவிடுங்கள். தொட்டிக்கும் அடுப்புக்கும் நேர் மேலே ஸ்விட்ச் கூடாது. எர்த் இணைப்பு கட்டாயம். மின்கசிவு ஏற்பட்டால் தானாகவே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புக் கருவியும் மெயின் போர்டில் வைக்கச் சொல்லுங்கள். ஈரக்கையோடு வேலை செய்கிறவர்கள் நாம்.

விளக்கு நமக்குப் பின்னால் இருந்தால் நம் நிழலே காய் மேல் விழும். மேடைக்கு மேலே உள்ள சுவரிலேயே ஒரு எல்இடி விளக்குக்கு இடம் குறியுங்கள்.

8. இப்போது எது, பிறகு எது?

பணம் எல்லாருக்கும் இழுபறிதான். அதனால் இப்படிப் பிரித்துப் பாருங்கள்.

கட்டும்போதே செய்தாக வேண்டியது: மேடை உயரம், ஜன்னல், மேல் வெண்டிலேட்டர், கீழ்த் துவாரம், கடப்பா பலகைகள், பரண், தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், ஒயர் பைப். இவை சுவருக்குள் போகிறவை. பிறகு மாற்றினால் இரட்டைச் செலவு.

பிறகு செய்யலாம்: சுவர் டைல்ஸ், அலமாரிக் கதவு, எக்ஸாஸ்ட் ஃபேன், பாத்திர ஸ்டாண்டு. எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஓட்டையும் ஒயரும் மட்டும் இப்போதே விட்டு வைக்கலாம்.

யோசித்துச் செய்ய வேண்டியது: பலகைக் கதவும் இழுப்பறையுமாகப் பளபளவென்று கடையில் காட்டுகிற அலமாரி. தண்ணீர் புழங்கும் இடத்தில் மலிவான பலகை சீக்கிரம் உப்பிவிடும். அதற்காகத் தனிக் கடன் வாங்கும் முன் குழுவில் ஒரு வார்த்தை பேசுங்கள்.

9. எப்படிச் சொல்வது?

நமக்கு அளவு தெரிந்தால் மட்டும் போதாது. அது சுவரில் ஏற வேண்டும். மேஸ்திரியிடம் சண்டை போடத் தேவையில்லை. மரியாதையாக, ஆனால் உறுதியாகப் பேசலாம்.

"எல்லா வீட்டுக்கும் 3 அடிதாம்மா போடுறோம்."

"எல்லா வீட்லயும் நான் சமைக்கலையே அண்ணே. எனக்கு 30 அங்குலம்தான் சரியா இருக்கு. அளந்து பாத்துட்டேன், தாள்ல எழுதியும் வச்சிருக்கேன்."

தாளில் எழுதிக் கொடுத்த அளவை மேஸ்திரி மறுப்பது குறைவு. மேடைக்குச் சுவர் எழுப்பும் அன்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருங்கள். கல் பதிக்கும் முன் டேப் பிடித்து நீங்களே ஒருமுறை பாருங்கள். கல் பதித்த பிறகு சொல்வது யாருக்கும் சங்கடம்.

வீட்டிலும் பேச வேண்டும். "கூடத்துக்கு ஒரு அடி கூட்டிக்குவோம், சமையல்கட்டுக்கு என்ன?" என்று பேச்சு வந்தால், கோலப்பொடிக் கட்டத்துக்குக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அந்த ஒரு அடி போனால் ஒருவர் நின்றாலே வழி அடைபடும் என்று கண்ணால் பார்த்தால் புரியும். தனியாகப் பேசத் தயக்கமாக இருந்தால் ஊக்குநரையோ பிரதிநிதியையோ கூட அழைத்துக்கொள்ளுங்கள். கடன் விண்ணப்பத்துக்கு நாம் கூடப் போகிறோம். இதற்கும் போகலாமே.

குழுக் கூட்டத்தில் செய்து பார்க்க

• ஒவ்வொரு உறுப்பினரும் தன் முழங்கை உயரத்தையும், வீட்டு மேடையின் உயரத்தையும் அளந்து எழுதி வாருங்கள். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பட்டியல் போடுங்கள். தோள்வலி, இடுப்புவலி யாருக்கு என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.
• இந்த வருஷம் வீடு கட்டப் போகும் உறுப்பினர் வாசலில் குழுவாகக் கூடிக் கோலப்பொடிக் கட்டம் போட்டுப் பாருங்கள்.
• ஏற்கெனவே கட்டிய உறுப்பினர்களிடம், "மறுபடி கட்டினா எதை மாத்துவீங்க?" என்று கேளுங்கள். பதில்களைத் தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தால் அடுத்தவருக்கு உதவும்.
• மேடை ஏற்கெனவே உயரமாக இருந்தால் உடைக்க வேண்டியதில்லை. வழுக்காத, மேடை நீளத்துக்கே வரும் அகலமான சிமெண்டுப் படி ஒன்று கட்டலாம். 4 அங்குல உயரத்தில், 2 அடி அகலத்தில் கட்டினால் மணைக்கட்டை நழுவும் ஆபத்து தீரும். யார் யாருக்கு இது தேவை என்று பேசி முடிவெடுங்கள்.

கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது எவ்வளவு, எத்தனை தவணை, என்ன வட்டி என்று நாம் கேட்காமல் போடுவதில்லை. குழு நமக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் அது. மேடைக்கு வரி எழுப்பும் அன்றும் அதே போல டேப்பைக் கையில் எடுங்கள். உங்கள் அளவுத் தாளை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்; சேர்ந்து பார்ப்போம்.